குரல் முன்னே, இசை பின்னே: வீடியோவில் ஒலியை நிறுக்கும் முறை

இன்று நம் வீடுகளில் வீடியோ எடுக்காத விசேஷமே கிடையாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் எல்லாமே படமாகிறது. எடுத்த படத்தை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்க முன்பெல்லாம் ஸ்டூடியோவுக்குப் போய்க் காத்திருந்தோம். இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை செல்போனிலேயே அதைச் செய்துவிடுகிறது. படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பல படங்களில் பேசுகிறவர் வாய் அசைவது தெரிகிறதே ஒழிய, காதில் விழுவது பாட்டு மட்டும்தான். "என்ன சொல்றாங்கன்னே புரியலையே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் கொறைங்கப்பா" என்று பெரியவர்கள் கேட்பார்கள். டி.வி.யின் ஒலியைக் குறைத்தால் பேச்சும் சேர்ந்தே குறைந்துவிடும். ஒன்றாகக் கலந்த பிறகு பார்ப்பவர் கையில் ஒன்றும் இல்லை. படத்தைத் தொகுக்கிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

பின்னணி இசையை எந்த அளவில் வைப்பது, ஏன் அப்படி வைப்பது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் இங்கே விளக்க முற்படுகிறேன். நான் சித்தூரில் வெல்ல மண்டி நடத்துபவன். இசைக் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ படித்தவன் அல்லன். தராசும் படிக்கல்லும் தொழிலில் பழகியவை. பழந்தமிழ் நூல்கள் ஓய்வு நேரத்தில் பழகியவை. வீடியோச் செயலிகள் பேரப்பிள்ளைகள் பழக்கியவை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, விஷயம் புதியது இல்லை, நம் முன்னோர் நன்கு அறிந்ததுதான் என்று தோன்றியது.

சிலம்பு காட்டும் வரிசை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இசையறிஞர்கள் ஒரு கருவூலமாகவே கருதுவர். 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலம்பைப் பழைய உரையோடு பதிப்பித்த பிறகுதான் அதன் அருமை பரவலாகத் தெரிய வந்தது. மாதவி ஆடும் அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று இளங்கோவடிகள் அளவு சொல்லுகிறார். ஆடல் ஆசான், இசை ஆசான், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை ஆசான், குழலாசான், யாழாசான் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கணம் கூறுகிறார்.

அவற்றுள் தண்ணுமை வாசிப்பவனுக்குக் கூறிய இலக்கணம் நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துவது. அவன் மற்றக் கருவிகளின் ஒலி குறையும் இடத்தில் நிரப்ப வேண்டும், மிகும் இடத்தில் அடக்க வேண்டும், இரண்டையும் அளவு மீறாமல் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. இன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் பலகையின் முன் உட்கார்ந்து செய்யும் வேலை இதுவேதான். கருவிகள் ஒலிக்கத் தொடங்கும் இடத்திலும் ஒரு வரிசை வைத்திருக்கிறார். குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, அதைப் பின்பற்றி முழவு, அதனுடன் ஆமந்திரிகை. ஒன்று வழிகாட்ட மற்றது பின்தொடர வேண்டும் என்னும் முறை அது. எல்லாம் ஒரே நேரத்தில் முந்திக்கொண்டால் அது சந்தை இரைச்சலாகிவிடும்.

தூரமே அளவாக இருந்த காலம்

மின்சாரமும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில் இந்த அளவை எப்படிக் காத்தார்கள்? வாசிப்பவர் கை ஒன்று, உட்காரும் இடம் மற்றொன்று. திறந்த வெளியில் ஒரு சிறிய கருவியிலிருந்து நாம் நிற்கும் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல் கணக்கு. டெசிபல் என்றால் என்ன என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். உரத்த கருவியைத் தள்ளி வைத்தால் மெல்லிய குரல் தானே முன்னுக்கு வரும்.

நம் பக்கத்துக் கலைஞர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898-1975) புங்கனூரில் பிறந்தவர். 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவருடைய குரு காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889-1934). நயினாப் பிள்ளையின் கச்சேரியைப் 'புல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு படையே மேடையில் இருக்கும். அத்தனைக்கும் நடுவில் பாடகரின் சொல் கேட்க வேண்டுமானால், பாடும்போது தாள வாத்தியக்காரர்கள் அடக்கி வாசிக்கவும், தங்கள் முறை வரும்போது முழு ஒலியோடு வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 'பாட்டுக்கு வாசிப்பது' என்று வித்வான்கள் சொல்வது இதைத்தான்.

பேசும் படம் வந்தபோதும் தொடக்கத்தில் இதே கதைதான். 1931இல் எச்.எம்.ரெட்டி இயக்கி வெளிவந்த 'காளிதாஸ்' படத்தில் தமிழும் தெலுங்கும் பேசினார்கள், தெலுங்கில் பாடினார்கள். எல்லையோரம் வாழும் நம்மைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான தொடக்கம்! அந்தக் காலத்தில் நடிப்பும் பாட்டும் வாத்தியமும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவில் படாமல் ஒளிந்து வாசிப்பார்கள். எது தூக்கலாக இருக்கிறதோ அதை மைக்கிலிருந்து தள்ளி நிறுத்துவதுதான் வழி. 1938இல் ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு முறை வந்தது. குரலை வேறாகவும் படத்தை வேறாகவும் பதிவு செய்து பிறகு சேர்க்கலாம் என்ற நிலை அப்படித்தான் தமிழ்ப் படத்துக்கு ஏற்பட்டது.

இன்று உங்கள் செயலியில் குரலுக்கு ஒரு வரி, இசைக்கு ஒரு வரி என்று தனித்தனி 'டிராக்' இருக்கிறதே, அது இந்த வளர்ச்சியின் முடிவு. இசை டிராக்கின் ஸ்லைடரைக் கீழே இறக்குவது, நாதஸ்வரக்காரரைப் பந்தலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதற்குச் சமம்.

டெசிபல் என்னும் படிக்கல்

ஸ்லைடரைத் தொட்டால் சில செயலிகள் சதவீதம் காட்டும், சில செயலிகள் டெசிபல் காட்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

டெசிபல் என்ற பெயர் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் நினைவாக வந்தது. 1920களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இது கிலோ, லிட்டர் போல் தனித்து நிற்கும் அளவு இல்லை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு. தராசில் எதிர்த் தட்டு இல்லாமல் எடை இல்லை, அது போல.

நம் காதும் இப்படி மடங்குக் கணக்கிலேயே கேட்கிறது. அமைதியான அறையில் ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும்; மேளம் முழங்கும் பந்தலில் செம்பு விழுந்தாலும் கேட்காது. ஆகவே மின் அலையை அரைவாசியாகக் குறைத்தால் காதுக்கும் அரைவாசி என்று நினைப்பது தவறு. பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு இது:

6 டெசிபல் குறைத்தால் அலையின் உயரம் பாதியாகும். பல செயலிகளில் 50 சதவீதம் என்பது இதுதான். காதுக்கோ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒலி இன்னும் இருப்பது போல் கேட்கும்.

10 டெசிபல் குறைத்தால்தான் காதுக்குப் 'பாதியாயிற்று' என்று தோன்றும். சதவீதத்தில் இது 32க்குப் பக்கம்.

20 டெசிபல் குறைத்தால் அலையின் உயரம் பத்தில் ஒன்று, அதாவது 10 சதவீதம். காதுக்கு ஏறக்குறைய கால் பங்கு.

"மாமா, பாட்டை ஐம்பதுக்குக் குறைச்சுட்டேன், இன்னமும் தூக்கலாவே இருக்கே" என்று பிள்ளைகள் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும். ஸ்லைடரில் எழுதியிருக்கும் 50, வியாபாரத்தில் சொல்லும் எட்டணா இல்லை. பேச்சின் கீழ் வைக்கும் இசைக்கு 10 முதல் 20 சதவீதம் என்று சொன்னால் முதலில் "அவ்வளவு கம்மியா?" என்று மலைப்பாக இருக்கும். கேட்டுப் பார்த்தால் அதுவே சரியாக இருப்பது தெரியும்.

இதற்கு உலக அளவில் ஒரு வழிகாட்டுதலும் உண்டு. இணையத்துக்கு நெறிமுறை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி என்ற அமைப்பு, மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான விதிகளை 2008இல் வெளியிட்டது. பேச்சின் பின்னணியில் வரும் ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது சுமார் நான்கில் ஒரு பங்காகக் கேட்க வேண்டும் என்பது அதன் உயர்தர விதிகளில் ஒன்று. காது மந்தமானவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. நம் வீட்டு வீடியோவை ஆசையாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதால் நமக்கும் அதுவே பொருந்தும்.

தலைதட்டிய படி

இசையைக் குறைக்காமல், பேச்சைக் கூட்டினால் என்ன? பலரும் கேட்கும் கேள்வி. ஓரளவு கூட்டலாம், அதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

தானியம் அளக்கும்போது படியைக் கோபுரமாகக் குவித்து அளப்பதும் உண்டு, தலைதட்டி அளப்பதும் உண்டு. கணினியின் ஒலி எப்போதும் தலைதட்டிய படிதான். அதில் 0 டெசிபல் என்பது படியின் விளிம்பு. அதனால்தான் அளவுகள் எல்லாம் விளிம்புக்குக் கீழே மைனஸில் எழுதப்படுகின்றன. விளிம்புக்கு மேல் போன அலையை ஒரு கோல் கொண்டு வழித்ததுபோல் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலை கரகரவென்று கேட்கும். செயலியில் அளவுக் காட்டி சிவப்பாக மாறுவது அதற்கான எச்சரிக்கை. முடிந்த படத்தில் அப்படிச் சேமித்துவிட்டால் பிறகு ஒலியைக் குறைத்தாலும் கரகரப்புப் போகாது. சிந்திய தானியம் படிக்குத் திரும்பாது.

இரண்டு டிராக்குகள் சேரும்போது அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகள் ஒத்துச் சேர்ந்தால் 6 டெசிபல் வரை உயரும். ஆகையால் பேச்சின் உச்சத்தை மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, மீதி இடத்தைக் காலியாக விடுவது நல்லது. வண்டியில் வெல்லம் ஏற்றும்போது மேலே ஒரு சாண் விட்டுத்தானே ஏற்றுகிறோம்.

மூட்டை, வண்டி, மண்டி

இனிச் செய்முறைக்கு வருவோம். பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஷாட்கட், கேடென்லைவ் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். இவற்றில் ஷாட்கட்டும் கேடென்லைவும் இலவசம். ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு.

ஒலியளவை மூன்று இடத்தில் மாற்றலாம். ஒரு துண்டை மட்டும் மாற்றுவது ஒரு மூட்டையைத் தொடுவது போல. ஒரு டிராக் முழுவதையும் மாற்றுவது வண்டி முழுவதையும் தொடுவது. 'மாஸ்டர்' என்னும் மொத்த அளவை மாற்றுவது மண்டியையே தொடுவது. இசை தூக்கலாக இருந்தால் மாஸ்டரைக் குறைக்கக் கூடாது. பேச்சும் சேர்ந்து இறங்கும். கணினியின் ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்துவிட்டு, படத்தில் குறைந்துவிட்டது என்று நம்புகிறவர்களும் உண்டு. அது உங்கள் அறைக்கு மட்டும்தான் குறைந்தது.

முன்பு பலர் பயன்படுத்திய விண்டோஸ் மூவி மேக்கர் நினைவிருக்கலாம். 2017 ஜனவரியில் அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. எக்ஸ்பி காலத்து மூவி மேக்கரில் ஒரே ஒரு ஸ்லைடர் இருக்கும். ஒரு பக்கம் வீடியோவின் ஒலி, மறு பக்கம் இசை. அசல் தராசுக் கோலேதான், ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் இறங்கும். ஆனால் அந்த அளவு படம் முழுவதற்கும் ஒன்றே. அந்த ஸ்லைடரை இடத்துக்கு இடம் மாற்ற வழியில்லை. இன்றைய செயலிகளின் பெரிய வசதி, இடத்துக்கு இடம் மாற்றலாம் என்பதே.

நான் பின்பற்றும் வரிசை இது.

முதலில் இசை டிராக்கை ஊமையாக்கிவிட்டுப் பேச்சை மட்டும் கேளுங்கள். உரக்கப் பேசுபவர் துண்டைக் குறைத்து, மெல்லப் பேசுபவர் துண்டைக் கூட்டி ஒரு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த வேலை முடியாமல் இசைப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவதாக இசையைச் சேருங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 10இல் நின்றால், பேச்சு வரும் இடங்களில் இசையின் உச்சம் மைனஸ் 30 அளவில் இருக்கட்டும். பேச்சே இல்லாத இடத்தில் மைனஸ் 15 வரை ஏற்றலாம்.

மூன்றாவது, 'கீஃப்ரேம்' வைப்பது. இசைத் துண்டின் மேல் ஒரு கோடு ஓடும். அதுதான் ஒலியளவுக் கோடு. அதில் புள்ளி வைத்து, புள்ளியை ஏற்றி இறக்கலாம். ரிசால்வில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கோட்டின்மேல் கிளிக் செய்தால் புள்ளி விழும். ஒரு பேச்சுக்கு நான்கு புள்ளிகள் போதும். பேச்சுக்கு ஒரு விநாடி முன்னால் ஒன்று, பேச்சுத் தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று, முடிந்து ஒன்றரை விநாடி கழித்து ஒன்று. நடுவிலுள்ள இரண்டையும் கீழே இழுத்தால் இசை தலை குனிந்து நின்று, பிறகு நிமிரும். தொழிலில் இதை 'டக்கிங்' என்பார்கள். தண்ணீரில் வாத்து தலையை முக்கி எடுப்பது போல.

நான்காவது, பேச்சின் நடுவில் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வந்தால் இசையை ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு மூச்சுக்கும் இசை ஏறி இறங்கினால் ஊஞ்சலில் உட்கார்ந்தது போல் தலை சுற்றும்.

இந்த வேலையைத் தானாகச் செய்யும் வசதியும் பல செயலிகளில் உண்டு. ஒலிக்கென்றே உள்ள ஆடாசிட்டி என்ற இலவசச் செயலியில் 'ஆட்டோ டக்' இருக்கிறது. இசை டிராக்கைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நேர் கீழே பேச்சு டிராக்கை வைத்தால், பேச்சு வரும்போதெல்லாம் இசை இறங்கும். வேலை மிச்சம்தான். ஆனால் இருமலையும் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும்கூடப் பேச்சென்று நினைத்து இசையைக் குறைத்துவிடும். கடைசியில் காது வைத்துப் பார்த்தே தீர வேண்டும்.

ஐந்தாவது, சோதனை. ஹெட்போனில் ஒருமுறை, செல்போனின் சிறு ஸ்பீக்கரில் ஒருமுறை, டி.வி.யில் அறையின் மறு கோடியில் நின்று ஒருமுறை கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கர் மிருதங்கத்தின் தொப்பி ஒலியை அநேகமாக விழுங்கிவிடும். வயலினும் நாதஸ்வரமும் துருத்திக்கொண்டு நிற்கும். தொகுத்தவர் காது தேர்வுக்கு உதவாது. அவருக்குத்தான் வசனம் மனப்பாடமாகிவிட்டதே! பேச்சை முன்பு கேட்காத ஒருவரை உட்கார வைத்து, என்ன கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் "இன்னொரு தரம் போடுங்க" என்றால் இசையை இன்னும் 3 டெசிபல் இறக்குங்கள்.

திருப்பதியில் காதால் கற்கலாம்

கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டாம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வர பக்தி சானல் 2008இல் தொடங்கியது. 2017இல் தமிழ்ச் சானலும் வந்தது. பிரம்மோற்சவ நேரடி ஒளிபரப்பைப் படம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மாட வீதியில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். வர்ணனையாளர் பேசத் தொடங்கும்போது மேள ஒலி எந்த அளவுக்கு இறங்குகிறது, அவர் நிறுத்தியபின் எவ்வளவு நேரம் கழித்து ஏறுகிறது, எந்த இடத்தில் சொல் தெளிவாக விழுகிறது, எந்த இடத்தில் மேளம் அதை மறைக்கிறது என்று கவனியுங்கள். அரை மணி நேரத்தில் காது பழகிவிடும்.

திருப்பதி இன்னொரு பாடமும் சொல்லுகிறது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளப்பாக்க அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் வைக்கப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கான பாடல்களின் சொற்கள் அவற்றில் கிடைத்தன. ராகத்தின் பெயர் இருந்ததே தவிர, எப்படிப் பாடினார் என்ற ஸ்வரக் குறிப்பு அதில் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் மெட்டமைத்தனர். 1978இல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கி அவற்றைப் பரப்பியது. சொல் பிழைத்திருந்ததால் இசையைப் பின்னால் சேர்க்க முடிந்தது. சொல் அழிந்து மெட்டு மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தச் சொல்லை யாரால் திரும்பச் செய்ய முடியும்?

நம் வீட்டுச் செப்பேடு

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்கலாம். சித்தூர் மாவட்டம் 1911இல் சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எங்கள் குடும்பம் வந்தவாசிப் பக்கமிருந்து பிழைக்க வந்தது. இங்குள்ள எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இடம் பெயராமலே, கோடு பெயர்ந்ததால் வெளிமாநிலத்தார் ஆனார்கள். எப்படி ஆனாலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் படிப்பது தெலுங்கும் ஆங்கிலமும். அவர்களுக்குத் தமிழ் என்பது வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து காதுக்கு வருவதுதான்.

தாய்மொழியாக நன்கு ஊறிய மொழியென்றால் இரைச்சலிலும் பாதிச் சொல்லைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்ளலாம். பழக்கம் குறைந்தவர்களால் அவ்வாறு முடியாது என்பதை ஒலியியலார் பலமுறை சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். 'அ', 'ஆ' போன்ற உயிரொலிகள் உரத்தவை. இசையை மீறிக் கேட்கும். மெய்யொலிகள் மெலிந்தவை. வாழைக்கும் வாளைக்கும், மரத்துக்கும் மறத்துக்கும் உள்ள வேறுபாடு நுட்பமான ஒலியில் நிற்பது. அதன்மேல் வயலின் ஏறினால் முதலில் சாவது அந்த வேறுபாடுதான். நமக்கு அது சிறு குறை. தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பேத்திக்கு அது ழகரமே இல்லாத தமிழ்.

எங்கள் பெரியம்மா 84 வயதில் ஒரு விசேஷ வீட்டில் காமிரா முன்பு 12 நிமிஷம் பேசினார்கள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த கதை, முதலில் எந்தத் தெருவில் குடியிருந்தது, யார் யாருக்கு எப்படி உறவு என்பதெல்லாம் அதில் இருந்தன. தொகுத்தவர் அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டின் வாத்திய இசையை முழு ஒலியில் போட்டுவிட்டார். கேட்டபோது, மூலப்பதிவு இருந்த கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது என்றார். பெரியம்மா இப்போது இல்லை. அந்தப் பதிவில் அவர்கள் கை ஆடுகிறது, சிரிக்கிறார்கள், நடு நடுவே "அப்போ", "எங்க மாமனாரு" என்று சில சொற்கள் மட்டும் வெளியே வருகின்றன. இசையையும் குரலையும் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. அதில் போட்டுப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் கிடைத்தது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப் பறவையை இன்னும் யாரும் முழுசாகச் செய்துவிடவில்லை. பெயர்கள் வரும் இடங்கள் தெளியவே இல்லை.

ஆதலால் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. கல்யாண வீடியோவுக்குப் பணம் கொடுக்கும்போதே, பாட்டுச் சேர்க்காத மூலப்பதிவை ஒரு பென்டிரைவில் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். நீங்களே தொகுப்பதானால் குரல் டிராக்கைத் தனியே ஓர் ஒலிக் கோப்பாகவும் சேமித்து, பேசியவர் பெயர், நாள், ஊர் எழுதி வையுங்கள். சினிமாப் பாட்டு சேர்த்த படத்தை யூடியூபில் ஏற்றினால், உரிமையாளர் கோரிக்கையால் அது முடக்கப்படவும் கூடும். அப்போதும் இசை கலக்காத குரல் கையில் இருந்தால் படத்தை மறுபடியும் தயாரித்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் பேசும் இடத்தில் இசையே போடாவிட்டாலும் குடி முழுகிவிடாது. போடத்தான் வேண்டும் என்றால் 20 டெசிபல் கீழே வையுங்கள். பாட்டைக் கடையில் வாங்கலாம், இணையத்தில் எடுக்கலாம், பத்து வருஷம் கழித்து வேறு பாட்டை மாற்றிப் போடலாம். பாட்டியின் குரல் ஒரே ஒரு பதிவில்தான் இருக்கிறது.